முதல் தேதியில் பிறந்த பிள்ளைகள்

நியூகாஸில் நகரத்தைக் கடந்து ரயில் வடதிசை நோக்கி ஓடத் தொடங்கியதும், வலப்புறத்தில் வடகடலின் சாம்பல் நிற நீர்ப்பரப்பும், இடப்புறத்தில் கல்வேலிகளால் பகுக்கப்பட்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும் புல்வெளிகளும், அவற்றுக்கும் அப்பால் மரமற்ற மேட்டு நிலங்களும் மாறி மாறித் தோன்றின. நார்தம்பர்லாந்து என்னும் அந்தப் பழைய ஜில்லாவின் கடற்கரையை ஒட்டியே இருப்புப்பாதை செல்வதால், உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் பிரயாணியின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆயினும், என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்த சரித்திரம் அந்தப் பள்ளத்தாக்குகளில், ஓரிரு உபாத்தியாயர்களைக் கொண்டு நடந்த சிறிய பள்ளிக்கூடங்களில்தான் ஆரம்பமாயிற்று.

முதல் உலக மகாயுத்தம் ஓய்ந்த சில ஆண்டுகளில், அந்த ஜில்லாவின் கல்வி அதிகாரிகள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஏழைப் பிள்ளைகள் உயர்தரப் பள்ளியில் சம்பளமின்றிச் சேர்வதற்கென்று சில இடங்கள் ஒதுக்கப்பட்டு, அவற்றுக்கு ஒரு பரீட்சையும் நடந்துவந்தது. ஆனால் ஜில்லாவின் பல மூலைகளிலிருந்து அந்தப் பரீட்சைக்கு ஒரு பிள்ளைகூட வருவதில்லை. பரீட்சைக்கு வந்தவர்களில் யார் கெட்டிக்காரர் என்று பார்ப்பதோடு நின்றிருந்தால் அந்த அதிகாரிகளைக் குறை சொல்ல ஒருவரும் முன்வந்திருக்கமாட்டார்கள். அவர்களோ வராதவர்களைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். அந்தப் பள்ளிகளில் அறிவுள்ள பிள்ளைகளே இல்லையா, அல்லது இருந்தும் அனுப்பப்படவில்லையா என்ற கேள்வியோடு, நியூகாஸிலில் ஆர்ம்ஸ்ட்ராங் கல்லூரியில் பேராசிரியராக இருந்த காட்ஃபிரி தாம்ஸன் என்பவரை அணுகினார்கள். டைன் நதிக்கரையில் ஃபெல்லிங் என்னும் தொழிலாளர் ஊரில் தாயின் பராமரிப்பில் வளர்ந்து, உதவிச் சம்பளத்தின் பலத்தால் கல்வி பெற்றவர் அவர். தூரத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் கொண்டு செல்லத்தக்கதாக, படித்த பாடத்தைவிடப் பகுத்தறியும் சக்தியையே பெரிதும் நாடுவதாக, 1921இல் அவர் ஒரு சோதனையை அமைத்தார். நார்தம்பர்லாந்துச் சோதனை என்று அது பெயர் பெற்றது.

கல்வியைப் பற்றி ஓர் ஆராய்ச்சி செய்யப் புகுகின்றவர்கள் எந்தப் பள்ளிகளுக்குப் போவது, அங்கே எந்தப் பிள்ளைகளைத் தெரிந்தெடுப்பது என்பதை ஒரு பூர்வாங்கக் காரியமாகவே கருதி, அதைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஆராய்ச்சிக்குள் நுழைய விரும்புவது உலக வழக்கம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்த வழக்கத்தை நான் நன்கு அறிவேன். நம் ஜில்லாக்களில் ஆராய்ச்சிக்கென்று தெரிந்தெடுக்கப்படும் பள்ளிகள் பெரும்பாலும் பஸ் போகும் சாலையின் மேலேயே இருக்கக் காண்கிறோம். மலைமேல் உள்ள ஓராசிரியர் பள்ளியும், ஆற்றைக் கடந்து போகவேண்டிய குப்பத்துப் பள்ளியும் அந்த ஜாபிதாவில் ஏறுவது அபூர்வம். தெரிந்தெடுப்பதே ஆராய்ச்சியின் பாதி என்றும், அதில் நேர்ந்த அநீதியைப் பின்னால் எந்தக் கணிதத்தாலும் சரிப்படுத்த இயலாது என்றும் உறுதியாக நம்புகிறவன் நான். அந்த நம்பிக்கையை ஒரு தேசம் முழுவதும் காரியத்தில் காட்டிய இடம் ஸ்காட்லாந்து என்று படித்திருந்தபடியால், அந்தப் பள்ளிகளும் பிள்ளைகளும் இருந்த பாதையிலேயே ஒரு முறை போய்வர ஆசைப்பட்டேன்.

ட்வீட் நதியின் மேல் 28 வளைவுகளோடு நிற்கும் பெரிக் பாலத்தைக் கடந்தால், சிறிது நேரத்தில் ஸ்காட்லாந்தின் எல்லை வந்துவிடுகிறது. எடின்பரோ நகரத்தின் கோட்டையையும் அரண்மனையையும் பற்றி எழுதியவர்கள் அநேகர். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, அவ்விரண்டையும் இணைக்கும் நெடுந்தெருவின் கீழ்ப்பகுதியில், கானன்கேட் என்னும் வீதியில் உள்ள மோரே மாளிகைக்கு நேராகப் போனேன். பதினேழாம் நூற்றாண்டில் ஒரு சீமாட்டி கட்டிய வீடு அது. தெருவைப் பார்த்தாற்போல் கல்லினாலான ஒரு மாடமும், கூர்ங்கோபுரம் போன்ற தூண்களுடைய வாயிலும் இன்றும் இருக்கின்றன. கிராம்வெல் தங்கிய வீடு என்று சொல்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அது உபாத்தியாயர்களைப் பயிற்றும் கல்லூரியாக விளங்கியது. தாம்ஸன் 1925இல் நியூகாஸிலை விட்டு இங்கே வந்து, எடின்பரோ சர்வகலாசாலையின் கல்விப் பேராசிரியர் பதவியையும் இந்தக் கல்லூரியின் தலைமையையும் ஒருங்கே ஏற்றார். மோரே மாளிகைச் சோதனைகள் என்ற பெயரில் பிரிட்டிஷ் தீவுகள் எங்கும் பரவிய வினாத்தாள்கள் இங்கிருந்துதான் புறப்பட்டன. அவற்றின் விற்பனையால் வந்த வருமானத்தைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சி நிதிக்கே அவர் விட்டுக்கொடுத்தார் என்பதை நினைத்தபடியே அந்த முற்றத்தில் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

1928இல் ஸ்காட்லாந்தில் கல்வி ஆராய்ச்சிக் கவுன்சில் ஒன்று ஏற்பட்டது. அதை ஏற்படுத்தியவர்கள் யார் என்பது மிக முக்கியமானது. 1847 முதல் இயங்கிவந்த ஆசிரியர்களின் சங்கமும், ஜில்லாக் கல்வி டைரக்டர்களின் சங்கமும் கைகோத்து அதை ஸ்தாபித்தன. ஆகவே, அந்தக் கவுன்சில் ஒரு பள்ளியின் கதவைத் தட்டியபோது, தட்டிய கையும் திறந்த கையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. 1932இல் அது எண்ணிய காரியமோ சாமானியமானதன்று. ஆயிரம் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, பினே என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்த முறையில் சோதிக்க வேண்டுமென்பது முதலில் இருந்த உத்தேசம். அந்த ஆயிரவர் தேசம் முழுவதையும் ஒத்திருக்கிறார்களா என்று எதைக்கொண்டு அறிவது என்ற வினா எழுந்தபோது, அப்படியானால் அந்த வயதுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஓர் எழுத்துச் சோதனை வைத்துவிடுவோம் என்று அவர்கள் துணிந்தார்கள். 1921ஆம் ஆண்டில் பிறந்து, 1932 ஜூன் 1ஆம் தேதி, புதன்கிழமையன்று ஸ்காட்லாந்தில் பள்ளிக்கு வந்திருந்த பிள்ளைகள் 87,498 பேர், தீவுகளிலும் மலைகளிலும் கரிச்சுரங்க ஊர்களிலும் நகரத்துச் சந்துகளிலுமாக, ஒரே நாளில், 45 நிமிஷத்தில், ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதினார்கள். உபாத்தியாயர்களே நடத்தி, உபாத்தியாயர்களே திருத்தினார்கள். அவ்வளவு பேரையும் எழுதவைப்பதற்கு வெளியிலிருந்து அதிகாரிகளை அனுப்புவதென்றால் எந்தக் கஜானாவாலும் முடிந்திராது.

இங்கே சற்று நின்று, பள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளும் விஷயத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். மேலிடத்து உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்குள் நுழைவது சுலபம். தலைமை ஆசிரியர் எழுந்து நின்று வரவேற்பார், நாற்காலி போடுவார், தேநீர் தருவிப்பார். அதன் பிறகு, தம்முடைய பள்ளியின் மானத்தைக் காக்கவேண்டியது தம் கடமை என்று கருதி, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை முன்வரிசையில் கொண்டுவந்து அமர்த்தி, திக்கித் திக்கிப் படிக்கும் பிள்ளையை அன்றைக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட அனுப்பிவிடுவார். அவரைக் குற்றம் சொல்வது நியாயமன்று. தாமும் தம் பள்ளியும் நிறுத்துப் பார்க்கப்படுவதாகவே அவர் எண்ணுகிறார். எதற்காக நிறுக்கிறார்கள், நிறுத்த பிறகு என்ன செய்வார்கள் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஸ்காட்லாந்தில், இந்தச் சோதனை எந்த ஒரு பள்ளியையும் எந்த ஓர் உபாத்தியாயரையும் மதிப்பிடுவதற்கன்று, தேசத்தின் பிள்ளைகளை முழுமையாகத் தெரிந்துகொள்வதற்கே என்பதை ஆசிரியர்களின் சொந்தச் சங்கமே முன்நின்று சொல்லக்கூடிய நிலை இருந்தது. கடைசிப் பெஞ்சுப் பிள்ளையும் பேனாவைக் கையில் எடுத்ததற்கு அதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஆயினும் தனித்தனியே சோதிக்கப்பட்ட அந்த ஆயிரம் பேரைப் பற்றி, அவர்கள் தேசத்தின் சராசரியைச் சரியாகப் பிரதிபலிக்கவில்லையோ என்ற சந்தேகம் பின்னர் எழுந்தது. நல்ல எண்ணம் படைத்த மனிதர்கள் தங்கள் விவேகத்தைக்கொண்டு பொறுக்கி எடுக்கும்போதுகூட, கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்வு வந்து புகுந்துவிடுகிறது. பொறுக்குகிறவனுக்கு ஒரு பிள்ளையின் முகமும், உடையும், பேச்சும் தெரிகின்ற வரையில் அந்தச் சாய்வைத் தவிர்ப்பதற்கில்லை. ஆகையால் அடுத்த தடவை, பொறுக்குகிறவனின் விவேகத்துக்கே இடமில்லாத ஒரு விதியை அவர்கள் கைக்கொண்டார்கள். 1926ஆம் ஆண்டில் பிப்ரவரி 1, மே 1, ஆகஸ்ட் 1, நவம்பர் 1 ஆகிய நான்கு தினங்களில் பிறந்த பிள்ளைகள் யாரோ, அவர்களே சோதனைக்குரியவர்கள் என்பதுதான் அந்த விதி. பிறந்த தேதிக்குப் பணக்காரன் ஏழை என்ற பேதம் தெரியாது. கெட்டிக்காரன் மந்தன் என்பதும், பட்டணம் பட்டிக்காடு என்பதும் தெரியாது. எந்தத் தகப்பனும் தன் பிள்ளையை அந்த ஜாபிதாவில் சேர்க்கவோ, அதிலிருந்து நீக்கவோ சிபார்சு செய்ய முடியாது.

விதி எளிமையாக இருந்தாலும் அதை நிறைவேற்றுவது எளிமையாக இல்லை. பள்ளியைத் தெரிந்தெடுத்துவிட்டு அங்கே உள்ள பிள்ளைகளைச் சோதிப்பதென்றால், ஓர் ஊருக்குப் போய் முப்பது பேரை முடித்துக்கொண்டு திரும்பலாம். பிள்ளையை முதலில் தெரிந்தெடுத்துவிட்டு, அது எங்கே படிக்கிறதோ அந்தப் பள்ளியை நாடிப் போவதென்றால், ஒரே ஒரு பிள்ளைக்காக ஒரு கணவாயையும் ஒரு கடற்கழியையும் கடக்கவேண்டிவரும். நான்கு நாட்களில் பிறந்த அந்தப் பிள்ளைகள் ஸ்காட்லாந்து முழுவதிலும் 874 பேர். அவர்களில் 873 பேர் சோதிக்கப்பட்டார்கள். மக்மீக்கன் என்னும் பெண்மணி அந்த வேலையைப் பற்றி எழுதிய அறிக்கை 1939இல் புத்தகமாக வெளிவந்தது. அந்த எண்ணை நான் முதன்முதலில் படித்தபோது, ஆராய்ச்சியின் முடிவு என்ன என்பதை அறியும் ஆவல்கூட எனக்குச் சற்று நேரம் எழவில்லை. எண்ணூற்று எழுபத்துமூன்று பேரை முடித்தவர்கள் எத்தனை இடத்தில், ‘இந்த ஒரு பிள்ளைக்காக இவ்வளவு தூரமா?’ என்று கேட்டு நின்றுவிட்டிருக்கலாம் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எடின்பரோவிலிருந்து அபர்டீனுக்குச் செல்லும் ரயில், 1890இல் திறக்கப்பட்ட ஃபோர்த் பாலத்தின் செந்நிற எஃகு வலைக்குள் நுழைந்து, மறுகரையில் ஃபைஃப் ஜில்லாவில் இறங்குகிறது. கோதுமையும் பார்லியும் விளையும் வளமான பூமி. மேற்கே ஒரு காலத்தில் கரிச்சுரங்கங்கள் இருந்த ஊர்கள். அதைத் தாண்டினால் டே நதியின் அகன்ற முகத்துவாரம். இப்போதுள்ள பாலத்தை ஒட்டி, 1879இல் புயலில் இடிந்து விழுந்த பழைய பாலத்தின் அடித்தூண்கள் நீருக்கு மேல் தலை காட்டுகின்றன. பாலத்துக்கு அப்பால் டண்டீ நகரமும், பின்னர் ஆங்கஸ் ஜில்லாவின் கடற்கரையும் வருகின்றன. 1932ஆம் வருஷத்துச் சோதனையின் மதிப்பெண்களை ஜில்லாவாரியாகக் கையால் எழுதிவைத்த பேரேடுகளில், இன்று கிடைக்காதவை மூன்று ஜில்லாக்களுடையவை: ஃபைஃப், ஆங்கஸ், தென்மேற்குக் கோடியில் உள்ள விக்டவுன். முதல் இரண்டையும் நான் ஒரே காலைப் பொழுதில் ரயிலில் கடந்துவிட்டேன். அந்த ஊர்களின் பள்ளிகளும் மற்றவற்றைப் போலவே அன்று கதவைத் திறந்தன; பிள்ளைகளும் நாற்பத்தைந்து நிமிஷம் முயன்று எழுதினார்கள். அவர்களுடைய எழுத்து மட்டும் காலத்தில் தங்கவில்லை. தெரிந்தெடுப்பதில் காட்டிய சிரத்தையைப் பாதுகாப்பதிலும் காட்டவேண்டும் என்பதை, ஜன்னலோரம் ஓடிய அந்த வயல்கள் எனக்குக் கண்கூடாக்கின.

அபர்டீன் முழுவதும் சாம்பல் நிறக் கருங்கல்லால் கட்டிய நகரம். வெயில் பட்டால் கல்லினுள்ளே இருக்கும் அப்பிரகத் துகள்கள் மின்னுகின்றன. யூனியன் தெருவில் உள்ள சங்கீத மண்டபத்தில், 1998 ஜூன் 1ஆம் தேதி, அதாவது முதற்சோதனை நடந்து சரியாக 66 ஆண்டுகள் கழித்து, அதே வினாத்தாளை அதே 45 நிமிஷத்தில் எழுதுவதற்கு 73 பேர் வந்து உட்கார்ந்தார்கள். 1932இல் பதினோரு வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள், அப்போது எழுபத்தேழு வயதை எட்டியிருந்தார்கள். அபர்டீனில் வேலை பார்த்த லாரன்ஸ் வேலி என்ற மருத்துவப் பேராசிரியரும், எடின்பரோவைச் சேர்ந்த ஈயன் டியரி என்ற உளநூல் பேராசிரியரும், எடின்பரோவில் மறக்கப்பட்டுக் கிடந்த அந்தப் பேரேடுகளைத் தேடிக் கண்டு, மூப்பில் அறிவு எங்ஙனம் நிலைக்கிறது, எவரிடம் குறைகிறது, ஏன் குறைகிறது என்பதை ஆராயப் புகுந்ததன் விளைவு அது.

இரண்டு சோதனைகளுக்கும் உள்ள பேதத்தை நான் அந்த மண்டபத்தின் வாசலில் நின்று யோசித்தேன். 1932இல் பிள்ளைகளையோ பெற்றோரையோ தனித்தனியாகக் கையொப்பம் கேட்டு வாங்கும் வழக்கம் தோன்றியிருக்கவில்லை. பள்ளியில் அன்றைய வேலை அது, எழுதினார்கள். 1998இல் ஒவ்வொருவரும் அழைக்கப்பட்டு, தம் இஷ்டத்தால் வந்தார்கள். பின்னர் எடின்பரோவைச் சுற்றியுள்ள பிரதேசத்தில் 1921இல் பிறந்தவர்கள் 550 பேரும், 1936இல் பிறந்தவர்கள் 1,091 பேரும் இதேபோலச் சம்மதித்து வந்து, ஆண்டுக்கணக்காக ஆராய்ச்சிக்கு ஒத்துழைத்திருக்கிறார்கள். சம்மதம் கேட்பதுதான் மனிதனுக்கு மனிதன் செய்யவேண்டிய மரியாதை. அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அந்த மரியாதைக்கு ஒரு விலையும் இருக்கிறது. தாமாக முன்வந்தவர்களின் பால்ய மதிப்பெண்களைப் பழைய பேரேட்டில் பார்த்தபோது, அவை தேசத்தின் சராசரிக்கு மேலாகவே இருந்தன. உடல் நலிந்தவர்களும், சிறு வயதில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களும் அழைப்புக்கு அவ்வளவாக இசையவில்லை. பலர் அதற்குள் இறந்தும் போயிருந்தார்கள். இதில் ஒரு பெரும் பாக்கியம் என்னவென்றால், எல்லோரையும் எண்ணிய அந்தப் பழைய பேரேடு கையில் இருந்தபடியால், வந்தவர்கள் வராதவர்களிடமிருந்து எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று அளந்து சொல்ல முடிந்தது. மற்ற தேசத்து ஆராய்ச்சிகளுக்கு அந்த அளவுகோல் வாய்ப்பது அரிது.

அபர்டீனிலிருந்து இன்வெர்னஸ் செல்லும் வண்டியில் என் எதிரில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி, நான் வந்த காரியத்தைக் கேட்டறிந்ததும், தாமும் 1936இல் பிறந்தவரே என்று சொன்னார். இரண்டாவது முறையாக 1947 ஜூன் 4ஆம் தேதி தேசம் முழுவதும் நடந்த சோதனையில் எழுதிய 70,805 பிள்ளைகளில் அவரும் ஒருவர். பென்ஸில்கள் சீவி வரிசையாக வைக்கப்பட்டிருந்ததும், உபாத்தியாயினி கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றதும் அவருக்கு நினைவிருந்தன. எதற்காக எழுதுகிறோம் என்று அன்று யாரும் சொல்லவில்லை என்றார். சொல்லியிருந்தால் இன்னும் கவனமாக எழுதியிருப்பேன் என்றும் சொன்னார்.

அவருக்கு அன்று சொல்லாமல் விட்ட காரணம் இன்பமானதன்று. அறிவு குறைந்த குடும்பங்களில் பிள்ளைகள் அதிகமாகவும், அறிவு மிகுந்த குடும்பங்களில் பிள்ளைகள் குறைவாகவும் பிறப்பதால், தலைமுறைக்குத் தலைமுறை தேசத்தின் அறிவு தேய்ந்துகொண்டே போகும் என்ற ஓர் அச்சம் அக்காலத்துப் படித்தவர்களிடையே பரவியிருந்தது. ஏழைகளின் பெருக்கத்தைக் கண்டு கலங்கிய மனத்தின் சாயல் அந்த அச்சத்தில் படிந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அதைச் சோதிப்பதற்காகவே, பதினைந்து ஆண்டு இடைவெளியில் அதே வினாத்தாளை மீண்டும் கொடுத்தார்கள். 1932இல் 76க்கு 34.5 ஆக இருந்த சராசரி, 1947இல் 36.7 ஆக உயர்ந்திருந்தது. தேயும் என்று பயந்தது வளர்ந்திருந்தது! சுரங்கத் தொழிலாளியின் வீட்டு ஏழாவது பிள்ளையும், மீனவனின் கடைசிப் பெண்ணும் அந்தக் கணக்கில் இருந்தபடியால்தான் அந்த அச்சத்துக்கு மறுமொழி சொல்ல முடிந்தது. வசதியான பள்ளிகள் சிலவற்றை மட்டும் பார்த்துவிட்டு அதே எண்ணைச் சொல்லியிருந்தால், அச்சம் கொண்டவர்கள், ‘நீங்கள் பார்க்காத இடத்தில்தான் தேய்வு இருக்கிறது’ என்று சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குப் பதில் இராது.

அந்த 1947ஆம் வருஷத்திலும் பிறந்த தேதியே கைகொடுத்தது. ஒவ்வொரு மாதத்தின் முதல் மூன்று நாட்களில் பிறந்தவர்களைப் பற்றி, குடும்பத்தில் எத்தனை பேர், தகப்பனாருக்கு என்ன தொழில், வீட்டில் எத்தனை அறைகள், பிள்ளையின் உயரம் எடை என்ன என்பன போன்ற விவரங்களும் சேகரிக்கப்பட்டன. இரட்டைப்படை மாதங்களின் முதல் நாளில் பிறந்த 1,208 பேரையோ, தனியே சோதித்ததோடு நில்லாமல், பள்ளியை விட்டு, வேலைக்குப் போய், மணம் முடித்து, இருபத்தேழு வயதாகும் வரையில், 1963 வரைக்கும் தொடர்ந்து விசாரித்துவந்தார்கள். ஜேம்ஸ் மாக்ஸ்வெல் என்பவர் 1969இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுப்பதென்பது அன்றைக்கு ஒரு மணி நேரம் அதன் பொழுதை வாங்கிக்கொள்வதோடு தீர்ந்துவிடுவதில்லை என்று கருதியவர்களின் வேலை அது.

இன்வெர்னஸிலிருந்து கைல் என்னும் மேற்கடற்கரை ஊருக்குச் செல்லும் இருப்புப்பாதையைப் போல் மனத்தைக் கவரும் பாதையை நான் அதிகம் கண்டதில்லை. தந்திக்கம்பமும் தனி வீடும் தவிர வேறு மனித அடையாளமே இல்லாத சதுப்பு வெளிகள், திடீரென்று மலையடிவாரத்தில் விரியும் ஏரிகள், மழையும் வெயிலும் ஒரே மலைச்சரிவில் ஒன்றையொன்று துரத்தும் காட்சி, இவற்றினூடே வண்டி மெதுவாக வளைந்து செல்கிறது. நிலையங்களின் பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தோடு கேலிக் மொழியும் இருக்கிறது. கைல் ஊருக்கு எதிரே ஸ்கை தீவு. 1995இல் பாலம் கட்டிவிட்டார்கள். தீவின் வடகோடியில் யூயிக் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறி, ஹாரிஸ் தீவின் டார்பர்ட் என்ற ஊரில் இறங்கினேன். பாறைகளுக்கு நடுவே கையளவு மண்ணைச் சேர்த்துப் பாத்தி கட்டி உருளைக்கிழங்கு விளைவித்த மக்களின் பூமி. இன்னும் மேற்கே, பெருங்கடலின் நடுவில் இருக்கும் செயின்ட் கில்டா தீவிலிருந்து கடைசி 36 குடிகளும் 1930 ஆகஸ்டில் வெளியேறிவிட்டார்கள்.

இந்தத் தீவுகளில் ஒரு நூற்றாண்டுக்கு முன் பள்ளியில் சேர்ந்த பிள்ளை, வீட்டில் கேலிக் மொழியையே பேசிவந்த பிள்ளை. 1872இல் ஸ்காட்லாந்தில் கட்டாயக் கல்விக்குச் சட்டம் வந்தபோது, அந்த மொழிக்கு அதில் இடமே தரப்படவில்லை. அப்படியிருக்க, ஆங்கிலத்தில் அமைந்த வினாத்தாளைக் கொடுத்து, இந்தப் பிள்ளையின் அறிவு இவ்வளவு என்று எழுதுவது எவ்வளவு நியாயம்? பிள்ளையைப் பட்டியலில் சேர்த்தாயிற்று, அதற்காகக் கடலையும் கடந்தாயிற்று. ஆனால் அதன் வாயில் உள்ள மொழியைக் கடக்கவில்லையென்றால் அந்தப் பிள்ளை இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது. இதைக் கவுன்சிலும் உணர்ந்திருந்தது என்று தோன்றுகிறது. ஹெப்ரிடிஸ் தீவுப் பிள்ளைகளை இரண்டு மொழிகளிலும் சோதித்துப் பார்த்து கிறிஸ்டினா ஸ்மித் என்பவர் எழுதிய ஆராய்ச்சி நூலை அது 1948இல் வெளியிட்டது. தாய்மொழியில் கேட்டால் விடை சொல்லும் பிள்ளையை, வேற்று மொழியில் கேட்டு மௌனியாக்கி, அதன் பிறகு மந்தன் என்று முத்திரையிடும் கொடுமையை நம் மலைநாட்டுப் பள்ளிகளிலும் கண்டிருக்கிறபடியால், அந்த நூலின் பெயரைக் கேட்டபோது எனக்கு உடன்பிறந்தாரைக் கண்டாற்போன்ற உணர்ச்சி உண்டாயிற்று.

இப்போது உலக தேசங்கள் பலவும் பங்குகொள்ளும் பிஸா என்னும் சோதனையில், பதினைந்து வயது மாணாக்கரைத் தெரிந்தெடுப்பதற்கு வேறு விதமான ஏற்பாடு இருக்கிறது. முதலில் பள்ளிகளை, அவற்றில் உள்ள அந்த வயது மாணாக்கரின் தொகைக்கு ஏற்ற வாய்ப்பளித்துச் சீட்டுப்போல் தெரிந்தெடுக்கிறார்கள். ஒரு தேசத்துக்குக் குறைந்தது 150 பள்ளிகள். பிறகு அந்தப் பள்ளிகளுக்குள்ளே மாணாக்கரைச் சம வாய்ப்பளித்துத் தெரிந்தெடுக்கிறார்கள். முதலில் தெரிந்தெடுத்த பள்ளிகளில் 85 சதவீதமேனும் இசையவேண்டும் என்பது விதி. மறுத்த பள்ளிக்குப் பதிலாகச் சேர்ப்பதற்கு, ஜாபிதாவில் அதன் முன்னும் பின்னும் உள்ள பள்ளியை ஆரம்பத்திலேயே குறித்துவைத்துவிடுகிறார்கள். மறுத்த பிறகு தோன்றியதைச் சேர்க்கக்கூடாது. எட்டாக் கையில் உள்ள பள்ளிகளையும், சோதனைக்கு இயலாத மாணாக்கரையும் விலக்கலாம், ஆனால் எல்லாம் சேர்ந்து 5 சதவீதத்துக்கு மேல் போகலாகாது. நன்கு யோசித்து வகுத்த விதிகள்தாம். 2010இல் நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளும் இமாசலப் பிரதேசத்துப் பள்ளிகளும் இந்த முறையிலேயே தெரிந்தெடுக்கப்பட்டன. முடிவு வெளிவந்தபோது ஜாபிதாவின் அடிப்பகுதியில் நம் பெயரைக் கண்டு வருந்தியவர்கள் பலர். எந்தப் பள்ளிகள், எந்தப் பிள்ளைகள், எப்படி என்று விசாரித்தவர்கள் சிலரே. ஐந்து சதவீதம் என்பது காகிதத்தில் சிறிய எண். ஹாரிஸ் தீவின் கல்மேட்டில் நின்று பார்க்கிறவனுக்கு, அந்த ஐந்துக்குள் அடங்கிப்போகக்கூடியது கண்ணெதிரே இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் அல்லவா என்று தோன்றுகிறது.

டார்பர்ட்டில் நான் தங்கிய விடுதிக்காரர், இரண்டு உபாத்தியாயினிகளை மட்டும் கொண்டு நடந்த ஓர் ஆரம்பப் பள்ளியில் தலைமை வகித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையாரிடம் என்னை அழைத்துப் போனார். ஆராய்ச்சிக்கு இசையும்படி கேட்டுக் கடிதங்கள் தமக்கு அவ்வப்போது வந்ததுண்டு என்று அவர் சொன்னார். இரண்டே பேர் கற்பிக்கும் பள்ளியில் ஒருவர் ஒரு நாள் முழுவதும் வினாத்தாளோடு உட்கார்ந்துவிட்டால், மற்றவர் எல்லா வகுப்புகளையும் சேர்த்து மேய்க்கவேண்டியிருக்கும். அதைக் கடிதம் எழுதுகிறவர்கள் யோசிப்பதில்லை என்பது அவருடைய முதல் குறை. பெற்றோரின் சம்மதத்துக்கு அச்சிட்ட நமூனாவைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பினால் அது பைக்குள்ளேயே கிடக்கும்; ஆகவே தாமே மாலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்துபோய், அடுப்பங்கரையில் உட்கார்ந்து, கேலிக் மொழியில் விஷயத்தைச் சொல்லிக் கையொப்பம் வாங்கிவந்ததாகவும், ஒரு வீட்டில் மறுத்தபோது ஏன் என்று கேளாமல் எழுந்து வந்துவிட்டதாகவும் சொன்னார். கேட்டுவிட்டால் அது வற்புறுத்தலாகிவிடும் என்று அவர் விளக்கியதைப் போல், சம்மதம் என்பதன் தாத்பரியத்தை எந்த விதிப்புத்தகமும் எனக்கு விளக்கியதில்லை.

இவ்வளவும் செய்து அனுப்பிய பிறகு, ஓர் ஆராய்ச்சியின் முடிவு என்ன என்பதுகூட தம் பள்ளிக்கு எட்டவே இல்லை என்று சொல்லும்போதுதான் அவருடைய குரல் சற்று உயர்ந்தது. இன்னொரு கடிதம் வந்தால் இசையும்படி உங்களுக்குப் பின் வந்தவர்களிடம் சொல்வீர்களா என்று கேட்டேன். சொல்வேன் என்றார், இரண்டு நிபந்தனைகளின் பேரில்: கேட்கிறவர் கடிதத்தோடு நில்லாமல் கப்பலேறித் தாமே வரவேண்டும்; கண்ட முடிவை, அந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகுமுன் அவர்களுக்கே வந்து சொல்லவேண்டும். நான் என் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, இரண்டாவது நிபந்தனையை முதலில் எழுதிக்கொண்டேன்.